கால் நகத்துக்கும் கை நகத்துக்கும் ஒரே மருந்தா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 52. வீட்டிலேயே சமைத்து, மதியத்தில் அலுவலகங்களுக்குச் சோற்றுப் பார்சலும் மாலையில் இடியாப்பமும் கொடுக்கிறார். 8 வருடமாக நீரிழிவு இருக்கிறது. அதற்கு மெட்ஃபோமினும் கிளிக்லசைடும், கொலஸ்ட்ரோலுக்கு அடோவஸ்டட்டினும், நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோலும் எடுக்கிறார். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) 8.4. மூன்று வருடத்துக்கு முன் வலது கால் பெருவிரல் நகத்தின் நுனியில், ஓரமாக மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. இப்போது இரண்டு பெருவிரல் நகங்களும் பக்கத்தில் இரண்டு சிறு நகங்களும் தடித்து, நிறம் மாறி, வெட்டினால் மாவு போல உதிர்கின்றன. ஆறு மாதமாக வலது கைப் பெருவிரலிலும் நகத்தடி சிவந்து வீங்கி, நகம் நெளிந்து நெளிந்து வளர்கிறது.

யாரோ கல்சியம் குறைவு என்று சொல்ல, சில மாதம் கல்சியம் குளிசை எடுத்தார். பூண்டை அரைத்து வினாகிரியில் குழைத்துக் கட்டினார், தோல் வெந்துவிட்டது. ஒரு பார்மசியில் கேட்டதும் டியூப் ஒன்று கொடுத்தார்கள். கைவிரல் வீக்கம் வற்றியது, நிறுத்தியதும் திரும்பியது. காலில் பூசியபோது அரிப்பு அடங்கியது, ஆனால் கொஞ்ச நாளில் வளையம் வளையமாகப் படை ஒன்று புறங்காலுக்கு ஏறியது. பிறகு அங்கேயே பங்கசுக்கான டெர்பினஃபைன் குளிசை 14 கொடுத்தார்கள். இரண்டு வாரம் எடுத்தும் நகத்தில் மாற்றமில்லை. ஈரலைக் கெடுத்துவிடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தவே நிறுத்திவிட்டார். அது இரண்டு மாதத்துக்கு முன். இப்போது நகத்தைப் பிடுங்கிவிட்டால் சரியாகும் என்கிறார்கள். கணவருக்கும் கால்விரல் இடுக்கில் அரிப்பு. வருகிற தையில் மகனுக்குக் கலியாணம்.

"இது நகச்சொத்தைதானா? கலியாணத்துக்குள் சரியாகுமா? குளிசை எடுத்தால் ஈரல் போய்விடுமா? இந்தக் கையால் சமைத்துக் கொடுப்பது பாவமா? வாடிக்கையாளர் யாராவது பார்த்து அருவருப்பார்களோ என்று கையை மறைத்து மறைத்தே பார்சல் கொடுக்கிறேன்" என்று கேட்கிறார். கடிதத்தின் முடிவில், போகிற போக்கில் ஒரு வரி: "இந்த வருடம் ஆடிவேலுக்குத் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தேன். இரவு பார்த்தால் உள்ளங்காலில் பெரிய கொப்புளம். முருகன் கிருபையால் கொஞ்சமும் வலிக்கவில்லை."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நகம் பற்றிய பகுதி இல்லை. அந்தக் கடைசி வரிதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொப்புளம் வந்தால் வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால், நீரிழிவு உங்கள் பாதத்தின் உணர்வு நரம்புகளைத் தொட்டுவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். இது சின்னச் சோதனைதான். மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலில் சில இடங்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். காலில் நாடித் துடிப்பையும் தொட்டுப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் போதும். நீங்கள் மாதாமாதம் போகிற நீரிழிவுக் கிளினிக்கிலேயே, "என் காலைப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் யாரும் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. நீங்களாகக் கழற்றிக் காட்டினால் எந்த வைத்தியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். உணர்வுள்ள காலில் தடித்த நகம் சப்பாத்துக்குள் அழுத்தினால் வலிக்கும்; சப்பாத்தை மாற்றுவோம். உணர்வு குறைந்த காலில் அதே நகம் தனக்குக் கீழிருக்கும் தசையை நாள் முழுதும் அழுத்திப் புண்ணாக்கினாலும் தெரியாது. விரலிடுக்கு வெடிப்பு வழியாகப் பக்டீரியா நுழைந்து கால் முழுவதும் சிவந்து வீங்கும்போதுதான் பலர் வைத்தியசாலைக்கு வருகிறார்கள். நீரிழிவு இல்லாத ஒருவருக்கு நகச்சொத்தை பெரும்பாலும் அழகுப் பிரச்சினை. அவர் மருந்தே வேண்டாம் என்று விட்டாலும் நான் வற்புறுத்துவதில்லை. உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

கொப்புளம் இப்போது முழுதாக ஆறிவிட்டதா என்று எழுதவில்லை. ஆறாமல் இருந்தால், ஈரமாகவோ கறுப்பாகவோ இருந்தால், இந்தக் கடிதத்தை மீதி வாசிப்பதற்கு முன் வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனி நகம்.

இரண்டு நகங்களில் இரண்டு நோய்

கால் நகமும் கை நகமும் ஒரே நோயின் இரண்டு இடங்கள் என்று நினைத்து, ஒரே மருந்தை இரண்டிலும் பூசியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காலில் இருப்பது பங்கசுத் தொற்றாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்தியப் பத்திரிகைகளில் பூஞ்சை என்று எழுதுவதும் இதைத்தான். நுனியில், ஓரத்தில் மஞ்சளாகத் தொடங்கி, மெல்ல அடிப்பக்கம் ஏறுவது, நகம் தசையிலிருந்து விட்டு எழும்புவது, அடியில் மாவு போலச் சேருவது, கூடவே காலில் அரிப்பு: எல்லாம் அந்தப் பக்கமே காட்டுகின்றன. டிரைகோஃபைட்டன் ரூப்ரம் என்ற பங்கசு இதற்கு அதிகம் காரணமாகிறது. நகமும் தோலும் முடியும் ஆக்கப்பட்டிருக்கிற கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. முதலில் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாக இருக்கும், பிறகு நகத்துக்குக் கீழே நுழையும். கல்சியத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கைப் பெருவிரல் வேறு கதை. அங்கே தொல்லை தொடங்கியது நகத்தின் நுனியில் இல்லை, அடியில். நகத்தடித் தோல் வீங்கிச் சிவந்து, அதன் பின்விளைவாக நகம் நெளிகிறது. நாள் முழுதும் அரிசி கழுவி, தேங்காய் துருவி, சுடுநீரில் இடியாப்ப மா குழைத்து, தேசிக்காய் பிழிந்து, சட்டி பானை தேய்க்கிற கைகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நகமும் தோலும் சேருகிற இடத்தில் மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டு, தண்ணீர் உள்ளே போகாமல் மூடி வைத்திருக்கும். ஓயாத ஈரமும் சவர்க்காரமும் அதைக் கரைத்துவிடுகின்றன. அப்புறம் அந்த இடுக்கில் புளியும் காரமும் இறங்கி அழற்சி உண்டாகிறது. கண்டிடா என்ற வேறொரு வகைப் பங்கசும் அங்கே குடியேறலாம். ஆனாலும் அடிப்படைக் காரணம் ஈரம். காலுக்குக் கொடுக்கிற டெர்பினஃபைன் கண்டிடாவை அவ்வளவாக அடக்காது. அதனால் அந்தக் குளிசையை நீங்கள் 14 நாளுக்கு மேலும் எடுத்திருந்தாலும், கைவிரல் குணமாகியிருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

இப்போது அந்த டியூப் செய்த விந்தைக்கும் விளக்கம் கிடைக்கிறது. கையில் வீக்கம் வற்றியது, காலில் படை ஏறியது என்றால், அதில் பங்கசு மருந்தோடு வீரியமான ஸ்டீரொய்ட் கலந்திருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கைவிரல் அழற்சிக்கு ஸ்டீரொய்ட் உண்மையிலேயே உதவும். சரியான வீரியத்தில், குறிப்பிட்ட நாளுக்கு, வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. பங்கசு உள்ள காலில் அதே ஸ்டீரொய்ட் உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. அரிப்பும் சிவப்பும் குறைய, குணமாகிறது என்று நாம் மகிழ்வோம். பங்கசு தடையில்லாமல் பரவும். தெற்காசியா முழுதும் இந்தக் கலப்பு டியூப்கள் இஷ்டத்துக்குப் பூசப்பட்டு, வழக்கமான மருந்துக்கு அடங்காத படைகள் பெருகிவிட்டன. தோல் வைத்தியர்களுக்கு இன்று இது பெரிய தலைவலி. உங்கள் வீட்டில் அந்த டியூப் மிச்சமிருந்தால், பெட்டியோடு கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கணவர் எடுத்துப் பூசிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சோதனை, பிறகு குளிசை

"பங்கசாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு" என்றுதான் எழுதினேன், பங்கசு என்று முடித்துவிடவில்லை. சிதைந்த நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பங்கசினால் வருபவை. சொரியாசிஸ் நோயிலும் நகம் இப்படியே தடித்து எழும்பும். அதில் ஊசியால் குத்தியது போன்ற குழிகளும் தெரியலாம். இறுக்கமான சப்பாத்து வருடக்கணக்கில் இடித்தாலும், வயதானாலும் பெருவிரல் நகம் தடிக்கும். அனுபவமுள்ள வைத்தியரின் கண்ணும் ஏமாறும், என் கண்ணும் ஏமாந்திருக்கிறது. பல வாரம் குளிசை விழுங்கப் போகிற ஒருவருக்கு, எதற்காக விழுங்குகிறோம் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். "சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா?" என்று கேட்பது உங்கள் உரிமை. தயங்க வேண்டாம்.

சோதனை எளிது. நகத்தை முடிந்தவரை உள்ளே தள்ளி வெட்டி, அடியில் இருக்கும் மாவைச் சுரண்டி எடுப்பார்கள். வலிக்காது. அதில் ஒரு பகுதியைக் காரக் கரைசல் ஒன்றில் ஊறவைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அந்த முடிவு சீக்கிரம் கிடைக்கும். மற்றப் பகுதியை வளர்ப்புக்கு வைப்பார்கள். அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகலாம், பங்கசு மெதுவாகவே வளரும். நுனியை மட்டும் நறுக்கி அனுப்பினால் பங்கசு இருந்தும் இல்லை என்று வரக்கூடும். நன்றாக எடுத்தும் சில வேளை அப்படி வருவதுண்டு. அப்போது மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் டெர்பினஃபைன் எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்து நகத்தில் மாதக்கணக்கில் தங்கும், அதனால் முடிவு மாறலாம். சோதனைக்குப் போகும்வரை காலில் கிரீம், கியூட்டெக்ஸ், மருதோண்டி எதுவும் வேண்டாம்.

எங்கே போவது? உங்களுக்குக் கிட்டியது தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசுகளை ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கிளினிக் வைத்தியர் தேவைப்பட்டால் அங்கே அனுப்புவார். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தனியாரிடம் சனல் பண்ணித்தான் போக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். வசதிக்குப் போகலாம், கட்டாயம் இல்லை. ஒரு காலை நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அன்றைக்குப் பார்சல் இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குளிசை பற்றிய பயம்

கால் நகத்தில் பங்கசு உறுதியானால், உங்கள் நிலைமைக்கு நான் முதலில் நினைப்பது நீங்கள் பாதியில் விட்ட அதே டெர்பினஃபைனைத்தான். மருந்து தோற்கவில்லை, காலம் போதவில்லை. வழக்கமான அளவு நாளுக்கு 250 மில்லிகிராம், கால் நகத்துக்கு 12 வாரம். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். முழுதாகப் புது நகம் வர 12 முதல் 18 மாதம் வரை செல்லும். இரண்டு வாரத்தில் வளர்ந்திருப்பது அரை மில்லிமீற்றர். அதுவும் தோலுக்கு அடியில் மறைந்திருக்கும். கெட்டுப்போன நகத்தைக் குளிசை திருத்தாது. அடியிலிருந்து வருகிற நகத்தைப் பங்கசு பிடிக்காமல் காக்கும், கெட்டது முன்னால் தள்ளப்பட்டு வெட்டுப்பட்டுப் போகும். அதனால் குளிசை முடிந்த பிறகும் பல மாதம் நகம் தேறிக்கொண்டே வரும்.

ஈரல் பற்றி உறவினர் சொன்னது முழுப் பொய் இல்லை. டெர்பினஃபைனால் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்படுவது உண்டு, ஆனால் அது மிக அரிது. தொடங்குமுன் இரத்தத்தில் ஈரல் சோதனை செய்ய வேண்டும். ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவருக்குக் கொடுப்பதில்லை. இடையில் கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், சாப்பாடே பிடிக்காமல் வாந்தி வந்தால், குளிசையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு 8 வருட நீரிழிவு என்பதால் சிறுநீரகமும் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. இந்தச் சோதனைகள் எதுவுமில்லாமல் ஒரு பார்மசியில் அந்தக் குளிசையைக் கையில் கொடுத்ததுதான் தவறு. அது வைத்தியரின் சிட்டைக்குக் கொடுக்க வேண்டிய மருந்து.

இன்னொரு பக்கவிளைவை உங்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டும். டெர்பினஃபைன் எடுக்கும் சிலருக்கு நாக்கில் ருசி குறையும், சிலருக்கு மாறிவிடும். பெரும்பாலும் மருந்தை நிறுத்திய சில வாரங்களில் அல்லது மாதங்களில் திரும்பிவிடும், அரிதாக அதிக நாள் நீடிக்கும். வேறொருவருக்கு அது சிறு தொல்லை. நாக்கை நம்பிச் சோறு உழைக்கிற உங்களுக்கு அது தொழிலையே பாதிக்கும். உப்பும் புளியும் பார்க்க வீட்டில் இன்னொருவரைப் பழக்கி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ருசியில் மாற்றம் தெரிந்தால், சமாளிக்கலாம் என்று இழுக்காமல் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் வேறு குளிசை இல்லையா? இருக்கிறது, ஆனால் உங்கள் மருந்துப் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை. இட்ரகொனசோல் அடோவஸ்டட்டினை இரத்தத்தில் கூட்டிவிடும், தசை பாதிக்கப்படலாம். நெஞ்செரிவுக்கு நீங்கள் எடுக்கும் ஒமெப்ரசோல் இருந்தால் இட்ரகொனசோல் கப்சூல் சரியாக உறிஞ்சப்படாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் அதைக் கொடுப்பதில்லை. ஃப்ளூகொனசோல் கிளிக்லசைடின் வேகத்தைக் கூட்டி, சீனியைத் திடீரென்று இறக்கிவிடலாம். வாயால் எடுக்கும் கீட்டோகொனசோல் குளிசையை யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரல் ஆபத்தினால் 2013 இல் ஐரோப்பாவில் அதை நிறுத்தச் சொன்னார்கள். அமெரிக்காவும் தோலுக்கும் நகத்துக்கும் கொடுக்க வேண்டாம் என்றது. நீங்கள் எடுக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக் கொண்டுபோகச் சொல்வது இதனால்தான்.

நகத்தில் பூசுகிற அமொரொல்ஃபின் 5% பூச்சு ஒன்றும் உண்டு. வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, 9 முதல் 12 மாதம் வரை பூச வேண்டும். நகத்தில் பாதிக்கும் குறைவாக, நுனியில் மட்டும் தொற்று இருந்தால் அது போதலாம். நான்கு நகங்கள் தடித்துப்போன உங்களுக்கு அது தனியாகப் போதாது. குளிசை ஒத்துவராது என்று சோதனையில் தெரிந்தால், நகத்தை மெலிதாக்கிக்கொண்டு இதைப் பூசுவோம். லேசர் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அது கேட்கிற பணத்துக்கு ஏற்ற நம்பகமான பலன் இன்னும் காட்டப்படவில்லை.

நகத்தைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கிய இடத்தில் வளர்கிற புது நகத்தையும் பங்கசு மறுபடி பிடிக்கும். உணர்வு குறைந்திருக்கக்கூடிய நீரிழிவுக் காலில் நாமாகவே ஒரு புண்ணை உண்டாக்குகிற வேலை அது. தடிப்பைக் குறைக்க வேண்டுமானால் 40% யூரியாக் களிம்பினால் மென்மையாக்கி, கிளினிக்கில் ராவிவிடலாம். வீட்டில் பிளேட்டால் சீவாதீர்கள். பூண்டு வினாகிரியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் தோலே சொல்லிவிட்டது.

ஒரு விஷயத்தில் நம்பிக்கையை அளவோடு வைக்கச் சொல்கிறேன். 12 வாரமும் ஒழுங்காக எடுத்தவர்களில் பத்தில் ஏழு பேரளவில் நகத்திலிருந்து பங்கசு நீங்குகிறது. நகம் பார்வைக்கும் முழுக்கப் பழையபடி ஆவது அதைவிடக் குறைவு. குணமானவர்களிலும் நான்கைந்து பேரில் ஒருவருக்குத் திரும்பி வருகிறது. எச்பிஏ1சி 8.4 இலேயே நின்றால் எந்த மருந்துக்கும் வேலை கடினம்.

கையும் சமையலும்

இந்தக் கையால் சமைப்பது பாவமா என்று கேட்டீர்கள். இல்லை. கால் நகப் பங்கசு சாப்பாடு வழியாக யாருக்கும் போகாது. வயிற்றுக்குள் போய் நோய் உண்டாக்கும் கிருமி அது இல்லை. அதற்காக நீங்கள் தொழிலை நிறுத்த வேண்டியதில்லை.

கைப் பெருவிரலில்தான் கவனம் வேண்டும். வீங்கிய நகத்தடியில் சீழ் வைத்தால் அங்கே ஸ்டஃபிலோகொக்கஸ் பக்டீரியா இருக்கலாம். அது உணவில் விழுந்து, சாப்பாடு சூடாறிய பிறகு பெருகினால் வாந்தி பேதி வரும். அதனால் சீழோ நீரோ கசிகிற நாட்களில் வெறுங்கையால் மா குழைக்கவோ சோறு கட்டவோ வேண்டாம். அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். கசிவு இல்லாத நாட்களில் விரலை மூடிக் கையுறை போட்டுச் செய்யலாம். மறைத்து மறைத்துக் கொடுக்கிற கையை விட, கையுறை போட்ட கையைப் பார்த்தால் வாடிக்கையாளருக்கும் நம்பிக்கை கூடும்.

விரல் ஆற வேண்டுமானால் அது காய வேண்டும். பாத்திரம் கழுவும்போது உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் மேலே ரப்பர் கையுறையும் போடுங்கள். ரப்பர் மட்டும் போட்டால் வியர்வையில் உள்ளே இன்னும் ஊறும். தேசிக்காய், அன்னாசி, மிளகாய் வேலைகளைக் கொஞ்ச காலம் மற்றவரிடம் கொடுங்கள். நகத்தடித் தோலைப் பின்னால் தள்ளவோ வெட்டவோ வேண்டாம். அந்த மூடி மறுபடி ஒட்ட மூன்று மாதமளவில் ஆகும். உங்களுக்கு இது மருந்தை விடக் கடினமான வைத்தியம் என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் கை வைக்காமல் சமையல் எப்படி? ஆனாலும் கழுவுகிற வேலையை மட்டுமாவது வீட்டிலுள்ள ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம். கணவரிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

கணவரின் விரலிடுக்கு அரிப்புக்கும் சேர்த்து வைத்தியம் செய்யாவிட்டால் உங்கள் நகம் குணமாகியும் பயனில்லை. குளியலறைத் தரை வழியாகவும் ஒரே பாத்ரூம் செருப்பு வழியாகவும் தொற்று மாறி மாறி வரும். ஆளுக்கொரு செருப்பு, ஆளுக்கொரு துவாய், ஆளுக்கொரு நகவெட்டி. மூடிய பழைய சப்பாத்துகளை வெயிலில் காயவைத்து, முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் நம் தெருக்களில் தேங்குகிற தண்ணீரில் கால் நனையாமல் இருக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துவதுதான் நம்மால் முடிந்தது.

கோவிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலின் கருங்கல் தளம் மத்தியானத்தில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கால் சோதனை முடியும்வரை காலையிலோ மாலையிலோ போங்கள், திரும்பி வந்ததும் உள்ளங்காலை விளக்கடியில் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்தால் போதும். அடுத்த ஆடிவேலுக்கு வெறுங்காலோடு நடக்கலாமா என்பதை அந்த நைலோன் இழைச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்வோம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து. ஒரே ஒரு நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலிலும் படிந்தாலோ, நகச்சொத்தை என்று மருந்து பூசிக்கொண்டு இருக்காதீர்கள். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இயல்பாகவே வருவதுண்டு. ஆனாலும் நகத்தடியில் வரும் ஒரு வகைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். அதைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் தோல் வைத்தியர்.

தை மாதக் கலியாணம்

உண்மையைச் சொல்கிறேன். தைக்குள் நகம் முழுதாக மாறாது. அதற்கு இன்னும் நான்கு மாதமளவில் இருக்கிறது. சோதனைக்கு ஒரு மாதம் போக, நல்ல நகம் அடியில் மூன்று நான்கு மில்லிமீற்றர் வந்திருந்தால் அதுவே நல்ல சேதி. தடித்த பகுதியைக் கிளினிக்கில் ராவி மெலிதாக்கினால் பார்வைக்கு நிறைய வித்தியாசம் தெரியும். கலியாணத்தன்று கியூட்டெக்ஸ் பூசிக்கொள்ளுங்கள். சோதனைக்கு நகம் எடுத்த பிறகு இரண்டு நாள் பூசுவதில் எந்தத் தீங்கும் இல்லை, முடிந்ததும் துடைத்துவிட்டால் போதும். பியூட்டி பார்லரில் பாதத்துக்கு அலங்காரம் செய்கிறவர்கள் நகத்தடியைக் கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரலை அழுத்துகிற புதுச் செருப்பைக் கலியாண நாளில் முதன்முதலாகப் போட வேண்டாம். ஒரு மாதம் முன்பே வாங்கி, வீட்டில் அரை மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குளிசை தொடங்குகிற அன்று பெருவிரல் நகத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லையில் வைத்தியரைக் கொண்டு அரத்தால் ஒரு சிறு கீறல் போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கீறல் முன்னால் நகர, அதற்குப் பின்னால் நகம் தெளிவாகவே வந்தால் மருந்து வேலை செய்கிறது. கீறலைத் தாண்டி மஞ்சள் அடிப்பக்கம் ஏறினால் 12 வாரம் முடியும்வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சோதனை முடிவு வந்ததும், கால் உணர்வு எப்படி இருக்கிறதென்று தெரிந்ததும், எனக்கு மறுபடி எழுதுங்கள்.